கேள்வி–பதில்: கம்பெனிக் காலத்துத் துப்பாக்கி அசலா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. லாக் பிளேட்டில் (சுடும் பொறி பொருத்திய பக்கவாட்டு இரும்புத் தகட்டில்) இதய வடிவ முத்திரை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியுடையது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: முத்திரை இருக்கட்டும், முதலில் குழலுக்குள் வெடிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும். குழல்வாய்க்கு நேரே நிற்காமல், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாயருகே அடையாளம் போடுங்கள். அதே குச்சியைக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பார்த்தால் நுனி பற்றுவாய் (உள்ளே இருக்கும் மருந்துக்குத் தீ போகும் பக்கத்துளை) வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்பே நின்றால் உள்ளே குண்டோ குப்பையோ இருக்கிறது. நீங்களே தோண்டாதீர்கள்.

அடுத்து அளவுநாடா. கம்பெனி பெருவாரியாக வாங்கிய 'இந்தியா பேட்டர்ன்' ரகத்துக்குக் குழல் 39 அங்குலம், உள்விட்டம் ஏறக்குறைய முக்கால் அங்குலம், கெஜக்கோல் (மருந்தையும் குண்டையும் இடிக்கும் கம்பி) நுழையும் பித்தளை வளையம் மூன்று. 1797-இல் பிரிட்டிஷ் அரசே இந்த ரகத்தை எடுத்துக்கொண்டது. பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் குத்துக்கத்தி) மாட்டும் சிறு முளை குழலின் மேல்பக்கம், வாயை ஒட்டி இருக்கும்; குறி பார்க்கவும் அதுதான். அந்த முளை இல்லாமல் குழல் 34, 35 அங்குலமே இருந்தால் யாரோ வேட்டைக்காக அறுத்திருக்கிறார்கள். மரக்கட்டையின் முன்நுனியையும் கவனியுங்கள். பயனெட் குழாய் ஏற இடம்விட்டு, சில அங்குலம் முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

அதிகம் ஏமாறுவது பற்றுவாயில்தான். 1840-களில் ஏராளமான சக்கிமுக்கித் துப்பாக்கிகளைத் தொப்பி வெடிக்கும் முறைக்கு (தட்டினால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பியால் மருந்தைப் பற்றவைப்பது) மாற்றினார்கள். அப்படி மாற்றியதை விலைக்காக மறுபடியும் சக்கிமுக்கியாக்கி விற்கிறவர்கள் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிறையச் சுட்ட துப்பாக்கியில் பற்றுவாயைச் சுற்றிக் குழலின் இரும்பு தீப்பட்டு அரித்துக் குழி குழியாக இருக்கும். பக்கத்தில், பற்றவைக்கும் மருந்தை வைக்கும் சிறு கிண்ணியிலும் அதே அரிப்பு இருக்க வேண்டும். பிளேட் குழி விழுந்திருக்க, கிண்ணி மட்டும் வழவழவென்று இருந்தால் கிண்ணி புதிது. பற்றுவாயைச் சுற்றி வேறு நிறத்தில் வட்டம் தெரிந்தால் தொப்பி முறைக்காகப் பெரிதாக்கிய துளையை அடைத்து மறுபடி துளைத்திருக்கிறார்கள். லாக்கைக் கழற்ற அனுமதித்தால் பிளேட்டின் உள்பக்கத்தில் அடைத்த திருகுத் துளைகள் தெரியும். தொப்பி முறைக்கு மாற்றி அப்படியே விட்டதை வாங்கலாம், அதுவும் அதன் வரலாறுதான். திரும்ப மாற்றியதை அசல் விலைக்கு வாங்குவதுதான் நஷ்டம்.

இனி முத்திரை. இதயத்தை நான்காக வகுத்து எழுத்துப் பொறித்த அடையாளம் 1808 வாக்கில் போய், எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. குதிரையும் (சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்து அடிக்கும் கொக்கி) காலம் சொல்லும்: வளைந்த அன்னக்கழுத்து முந்தையது, 1809-க்குப் பிறகு கழுத்தில் வளையம் வைத்துப் பலப்படுத்தினார்கள். இதய முத்திரையோடு வளையக் குதிரை இருந்தால் குதிரை பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். படைக்கிடங்கிலேயே மாற்றியிருந்தால் குற்றமில்லை. போலி முத்திரை எளிதில் மாட்டும்: துருக்குழிகள் முத்திரைக் கோட்டுக்குள்ளும் தொடர வேண்டும். குழிகளை வெட்டிக்கொண்டு கோடு கூர்மையாக ஓடினால் துருவுக்குப் பிறகு அடித்தது.

கேள்வி: வாங்கியபின் பளபளவென்று துலக்கலாமா? உரிமம் வேண்டுமா?

பதில்: துலக்கவே கூடாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; புளியும் உப்பும் பொறித்த எழுத்தைத் தின்றுவிடும். இரும்பின் பழுப்பு நிறம்தான் அதன் வயதுக்குச் சாட்சி, உப்புத்தாள் பட்டால் போயிற்று. சிவந்த துரு உள்ள இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்டு மிக மெல்லிய இரும்புநாரால் லேசாகத் தடவுங்கள். கல் மாட்டாமல் குதிரையை விடாதீர்கள், கழுத்தில் விரிசல் விழும். கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள். பாதி இழுத்த நிலையில் விசையை அழுத்தினால் குதிரை விழக் கூடாது. விழுந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது.

உரிமம் பற்றி: ஆயுதச் சட்டம் 1959-இன் 45-ஆம் பிரிவு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்குத் தருகிறது. உங்களுடையது சுடும் நிலையில் இருந்தால் அந்த விலக்கை நம்ப முடியாது. பணம் கொடுக்கும் முன்பே காவல் நிலையத்தில் விசாரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.