ஏசியிலிருந்து கட்டிலின் மேல் நீர் சொட்டுவது

ஏசியைக் குளிர வைக்கும் கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்று மெக்கானிக் சொன்னாலும், உடனே சம்மதிக்க வேண்டாம். இந்தக் கோடையில் முதன்முறையாக ஏசியைப் போட்ட அன்றே குழந்தையின் கட்டிலில் நீர் சொட்டியது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த ஏசியில், குளிர்ச்சுருளுக்குக் கீழேயுள்ள தட்டில் படிந்த தூசி, இப்போது ஈரத்தோடு கலந்து கூழாகி, விரல் பருமனே உள்ள அந்தக் குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. போக வழியில்லாத நீர் தட்டு நிரம்பி அறைக்குள் வழிகிறது.

கட்டிலை நகர்த்திவிட்டு, ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெளியே தொங்கும் குழாயின் முனையைப் பாருங்கள். உள்ளே சொட்டும்போது அங்கே ஒரு துளியும் விழவில்லை என்றால் அடைப்புதான். மின்சாரத்தை நிறுத்திய பின், ஈரத்தையும் உறிஞ்சக்கூடிய வேக்குவம் கிளீனரை அம்முனையில் பொருத்தி ஓரிரு நிமிடங்கள் இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாயால் ஊத வேண்டாம். நான் ஒருமுறை ஊதியதில் கறுப்புக் கூழ் முழுவதும் படுக்கை விரிப்பில் வந்து விழுந்தது.

ஆனால், முன்மூடியைத் திறக்கும்போது சுருளில் பனி உறைந்திருந்தால் காரணம் வேறு. முதலில் வடிகட்டியைக் கழுவி உலர்த்திப் போடுங்கள். அதன் பிறகும் பனி உறைந்தால், மெக்கானிக் சொல்லும் கேஸ் குறைவு உண்மையாக இருக்கலாம், அப்போதும் கசிவை அடைக்காமல் நிரப்ப விடாதீர்கள்.