ஜிரோனா: ஏறுவது இருக்கட்டும், இறங்கத் தெரியுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்பெயினின் ஜிரோனாவில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றித்தான். யாரோ போய்வந்து படம் போட்டிருக்கிறார்கள் போல. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். "ப்ரோ, ஜிரோனா ரூட் அனுப்புங்க" என்று ஒற்றை வரியில் வந்த ஏழெட்டுக் கடிதங்களுக்குப் பதில் கிடையாது. எத்தனை நாள் தங்குகிறீர்கள், என்ன சைக்கிள், இதுவரை ஏறியதில் பெரிய மலை எது? இது மூன்றும் இல்லாமல் எழுதினால் நான் ஜோசியமா பார்ப்பது?

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை. விட்டால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. ஆகஸ்ட் வேண்டாம். வெயிலை நீங்கள் தாங்கிவிடுவீர்கள், கடலோரச் சாலையில் ஊர்ந்து போகும் கார்களைத் தாங்க முடியாது. ஜனவரியிலும் ஓட்டலாம், காலை பத்து மணி வரை விரல் விறைக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: பார்சலோனாவிலிருந்து சைக்கிளை ரயிலில் ஏற்ற விடுவார்களா?

வட்டார ரயிலில் விடுவார்கள், சைக்கிளுக்குத் தனிக் காசு இல்லை. ஒன்றரை மணி நேரம் ஆகும். அலுவலக நேரத்தில் மட்டும் போகாதீர்கள். அதிவேக ரயில் 40 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், ஆனால் சைக்கிளைக் கழற்றிப் பையில் கட்ட வேண்டும். வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

கேள்வி: ஹெல்மெட் கட்டாயமா? காதில் பாட்டு கேட்டுக்கொண்டு ஓட்டலாமா?

ஊரைத் தாண்டினால் ஹெல்மெட் கட்டாயம், 16 வயதுக்குக் கீழ் என்றால் ஊருக்குள்ளும். ஹெட்ஃபோனுக்கு அபராதம் உண்டு. மதியச் சாப்பாட்டோடு ஒயின் குடித்துவிட்டு ஓட்டினால் கார்க்காரருக்கு உள்ள அதே அளவுச் சட்டம்தான் உங்களுக்கும். பதிலுக்கு அந்தச் சட்டம் உங்களுக்குத் தருவது, உங்களை முந்தும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் போக வேண்டும் என்பது. பெரும்பாலும் போகிறார்கள். முதல் நாள் அதைப் பார்த்தால் நமக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

கேள்வி: வாரம் 200 கி.மீ. ஓட்டுகிறேன். ரோகாகோர்பா மலையை 45 நிமிடத்தில் ஏற என்ன பயிற்சி செய்ய வேண்டும்? வாடகைக்குக் கார்பன் சைக்கிள் சொல்லியாகிவிட்டது.

உங்கள் கடிதம் ஒன்றரைப் பக்கம். எடை, இதயத்துடிப்பு, வாட்ஸ் கணக்கில் மிதிக்கும் சக்தி, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது வரை இருக்கிறது. மேலே போனபின் எப்படிக் கீழே வரப்போகிறீர்கள் என்று ஒரு சொல் இல்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. ரோகாகோர்பா பற்றி எனக்கு வரும் எல்லாக் கடிதமும் உச்சியோடு முடிந்துவிடுகிறது, ஏதோ அங்கே ஹெலிகாப்டர் காத்திருப்பதுபோல.

முதலில் மலை. பன்யோலஸ் ஏரிக்கரையிலிருந்து 14 கி.மீ. என்பார்கள், நிஜமான ஏற்றம் கடைசி பத்துதான். உச்சி ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சராசரிச் சரிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் கொஞ்சம் சமதளம் வந்து கணக்கைக் குறைத்துக் காட்டும், பிறகு 12, 13 சதவீதம் என்று வட்டியோடு வசூலிக்கும். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் என்ற 34-32 கியர் இல்லாத சைக்கிளை வாடகைக்கு எடுக்காதீர்கள். 45 நிமிடம் என்பது நன்றாக ஓட்டுகிறவரும் முக்கி முனகி எடுக்கும் நேரம். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆனால் குடி முழுகிவிடாது.

மேலே கோபுரங்கோபுரமாக ஆன்டெனா, பாராகிளைடர்காரர்கள் ஓடிக் குதிக்கும் ஒரு மரமேடை. கீழே ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். 1992 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடந்த ஏரி அது. படம் எடுத்தாயிற்றா? சரி, இப்போதுதான் உங்கள் பரீட்சை தொடங்குகிறது. சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது, வந்த வழியேதான் திரும்ப வேண்டும். ஒன்றரைக் கார் அகலம். மரநிழலில் ஈரச் சருகு, வளைவுகளில் பொடிக்கல், எதிரே பாராகிளைடரைத் தலையில் கட்டிக்கொண்டு ஏறிவரும் வேன்.

இதற்கு நடுவில்தான் பிரேக். நம்மூர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். ஸ்பெயினில் நேரெதிர்: இடது கைதான் முன் பிரேக். இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "தெரியும் சார்" என்கிறார்கள். மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. நான் முதல்முறை போனபோது எல்ஸ் ஆஞ்ஜல்ஸ் மலையிலிருந்து மத்ரமான்யா பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். வலது கையில் தண்ணீர் பாட்டில். வளைவுக்கு முன்னால் ஒரு நாய் நிதானமாகச் சாலையைக் கடந்தது. இருபது வருடப் பழக்கத்தில், பின் பிரேக்தானே என்று இடது கையை ஓர் இறுக்கு இறுக்கினேன். பின்சக்கரம் எழும்பியது தெரிந்தது. அப்புறம் தெரிந்தது சாலையோரத்து ரோஸ்மேரிப் புதரின் வாசனை. முழங்கையில் ஐந்து தையல். பாட்டிலை மட்டும் கடைசிவரை விடவில்லை. நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே பயிற்சி கேட்டீர்கள் அல்லவா, இதுதான் பயிற்சி. சைக்கிளைப் பதிவு செய்யும்போதே பிரேக்கை மாற்றித் தர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள், சில கடைகள் செய்து தருவார்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால் அன்று காலை வந்து கேட்பவருக்கு நேரம் இல்லை என்று கையை விரிப்பார்கள், அது அவர்கள் தப்பில்லை. மாற்ற முடியாவிட்டால் முதல் நாள் காலியாக ஒரு இடத்தில் நடை வேகத்தில் இருபது முறை, இடது கையை மட்டும் மெல்ல அழுத்தி நிறுத்திப் பழகுங்கள். இறக்கத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. பின்பாக்கெட்டில் மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று இருக்கட்டும். வேர்த்து ஏறிய உடம்போடு இறங்கினால் மே மாதத்திலும் பல் கிட்டும், நடுங்கும் கையால் பிரேக் பிடிக்க முடியாது.

வாட்ஸ் பற்றி அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

கேள்வி: முதல் நாளுக்கு லேசாக ஒரு மலை?

எல்ஸ் ஆஞ்ஜல்ஸ். ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடும், 10 கி.மீ., சராசரி 4 சதவீதம். மூச்சு வாங்கும், ஆனால் பேச முடியும். ஜிரோனாவில் குடியிருக்கும் தொழில்முறை வீரர்கள் காலாற ஓட்டும் நாளில் இங்கேதான் வருவார்கள், உங்களைக் கடந்துபோகும்போது ஒரு தலையசைப்பு கிடைக்கும். அவர்கள் இந்த ஊருக்கு வரத் தொடங்கியது 1990களின் கடைசியில், அமெரிக்க யு.எஸ். போஸ்டல் அணியோடு. உச்சிக்கு அருகில் உள்ள மாதா கோயிலில்தான் 1958-இல் ஓவியர் சால்வடார் டாலியும் காலாவும் திருமணம் செய்துகொண்டார்கள். மறுபக்கம் மத்ரமான்யா, மொனெல்ஸ் வழியாக இறங்குங்கள். மொனெல்ஸின் வளைவுத் தூண் சதுக்கத்தில் ஒரு காபி. அங்கிருந்து சான்ட்டா பெல்லாயா கணவாய் ஏறி, காஸா தெ லா செல்வா வழியாக வீடு. மொத்தம் 55, 60 கி.மீ. இறக்கத்தில் எந்தக் கை முன் பிரேக்? இடது.

கேள்வி: ஈ.சி.ஆரில் 100 கி.மீ.யை நாலு மணி நேரத்தில் முடிப்பேன். தோஸா தெ மார் கடலோரச் சாலையும் 100 கி.மீ. தானே, மதியத்துக்குள் திரும்பிவிடலாமா?

முடியாது. ஈ.சி.ஆரில் ஏற்றம் என்றால் பாலம். இங்கே அதே நூறு கி.மீ.க்குள் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் ஏற்றம். தூரத்தை மட்டும் சொல்லி ஏற்றத்தைச் சொல்லாத கேள்வியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சான்ட் ஃபெலியூவுக்கும் தோஸாவுக்கும் இடையே ஜிஐ-682 சாலை 22 கி.மீ. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை வளைவு, 365 என்பது உள்ளூர்ப் பேச்சு. நான் எண்ணிப் பார்க்கப்போவதில்லை. நேராக நூறு மீட்டர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பலரும் சான்ட் ஃபெலியூவிலிருந்து தோஸாவுக்குப் போகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன்: யகொஸ்தேரா வழியாக முதலில் தோஸா போய், அங்கிருந்து வடக்கே வாருங்கள். அங்கே வலப்பக்கப் போக்குவரத்து, அதனால் கடல் உங்கள் கைப்பக்கமே இருக்கும். இடையில் எதிர்க்கார் வராது, பைன் மரங்களுக்குக் கீழே பச்சைத் தண்ணீர் நேராகத் தெரியும். நடுவில் சான்ட் கிராவுக்கு ஏறும் கிளைச்சாலை ஒன்று பிரியும். முதல் தடவை அதன் பக்கம் திரும்ப வேண்டாம், கால் நடுங்கிவிடும். சனி ஞாயிறு காலையில் மோட்டார் பைக்குகள் பறக்கும், வாரநாளில் போங்கள்.

கேள்வி: சாலைக்கு எதற்கு, வியா வெர்தே என்ற பசுமைப்பாதையிலேயே கடல்வரை போகலாம் என்கிறார்களே?

போகலாம், சாலை சைக்கிளின் 25 மி.மீ. ஒல்லி டயரில் அல்ல. அது பழைய குறுகிய ரயில்பாதை, தண்டவாளங்களுக்கிடையே 75 செ.மீ. தான். 1969-இல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஜிரோனாவிலிருந்து சான்ட் ஃபெலியூவுக்கு 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு, ஓலோட்டுக்கு 55 சொச்சம். ஏற்றம் மிதம், கார் இல்லை, குழந்தைகளோடு போக அருமை. ஆனால் தரை இறுகிய மண். மண்பாதைக்கென்றே அகல டயர் போட்ட கிராவல் சைக்கிள் எடுங்கள். போன் காட்டுகிறதே என்று கார்பனை அதில் இறக்கி இரண்டு பங்ச்சர் வாங்கியவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: என் மனைவிக்கு மலை வேண்டாம், 60, 70 கி.மீ. ஓட்டுவார். நானும் கூடப் போக வேண்டும்.

"நானும் கூடப் போக வேண்டும்" என்பதில் உள்ள சோகம் புரிகிறது. பன்யோலஸ், அங்கிருந்து பெசலூ, அதே வழியில் இல்லாமல் வேறு கிராமச் சாலைகளில் திரும்பினால் 70 கி.மீ. கணக்குச் சரியாக வரும். சி-66 நெடுஞ்சாலையில் மட்டும் ஏறாதீர்கள், அதற்கு இணையாகச் சின்னச் சாலைகள் இருக்கின்றன. பெசலூவில் ஆற்றின் மேல் கோணலாக வளைந்து போகும் இடைக்காலக் கற்பாலம் ஒன்று போதும், வந்த களைப்பு போய்விடும். சமதளமே வேண்டும் என்றால் கிழக்கே எம்பொர்தாவுக்குப் போய் பெரதயாதா, பால்ஸ் ஊர்களைச் சுற்றுங்கள். மலை வேண்டாம் என்கிற உங்கள் மனைவிதான் இந்த வாரம் வந்த கடிதங்களிலேயே விவரமானவர்.

கேள்வி: த்ரமுந்தானா காற்று அவ்வளவு மோசமா?

ஆமாம். வடக்கிலிருந்து வரும், எம்பொர்தா சமவெளியில் ஆளைச் சாய்த்துவிடும். அது அடிக்கும் நாளில் ஆழமான விளிம்புள்ள கார்பன் சக்கரத்தை ஓட்டலிலேயே விட்டுவிட்டு, கவாரஸ் மலைக்காட்டுக்குள் ஓட்டுங்கள். காலையில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொள்வது எப்போதும் நல்லது.

கேள்வி: வழியில் தண்ணீர், சாப்பாடு கிடைக்குமா?

கிராமத்துக்கு ஒரு குழாயாவது இருக்கும். "நோ பொத்தாப்லே" என்று எழுதியிருந்தால் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள், வாயில் ஊற்றாதீர்கள். ஞாயிறு மதியம் கடைகள் மூடிவிடும், சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். தக்காளியைத் தேய்த்த ரொட்டி எந்த பாரிலும் கிடைக்கும். ஊர் திரும்பியதும் ஷூஷோ கேளுங்கள். எண்ணெயில் பொரித்து, உள்ளே கிரீம் வைத்து, மேலே சர்க்கரை தூவியது. ஜிரோனாவின் சொந்தச் சரக்கு. இரண்டு சாப்பிட்டால் எல்ஸ் ஆஞ்ஜல்ஸ் ஏறியது வீண், அதனால் என்ன.

கேள்வி: பழைய நகருக்குள் சைக்கிளில் சுற்றலாமா?

இறங்கித் தள்ளுங்கள். கற்கள் பளபளவென்று தேய்ந்தவை, பெடலில் மாட்டும் கிளீட் போட்ட ஷூ அதில் சோப்பு மாதிரி வழுக்கும். பேராலயத்தின் முன் சுமார் 90 படிகள் இருக்கின்றன. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதில் ஏறிப் படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள்.