சாப்பாட்டு அறையைத் தனியாகக் கட்டுகிறோம், தரைக்கு இயற்கைக் கல் போடலாமா? எப்படித் திட்டமிடுவது?

தாராளமாகப் போடலாம். ஆனால் கல் பார்க்கக் கிளம்பும் முன் மேஜையை முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் முதலில் கல்லை வாங்கினோம், கடைசியில்தான் மேஜையைப் பற்றி யோசித்தோம். அதில் பட்ட சிரமத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு பேர் உட்காரும் மேஜை ஏறக்குறைய 180 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு எழ, மேஜைக்கும் சுவருக்கும் நடுவே 90 செ.மீ.யாவது வேண்டும். பரிமாறுபவர் நடக்கும் பக்கத்தில் 120 செ.மீ. இருந்தால் நிம்மதி. ஆக, 3.6 மீட்டருக்கு 2.7 மீட்டர் என்பது குறைந்தபட்ச அளவு. பாத்திர அலமாரி வைப்பதாக இருந்தால் அதன் ஆழத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி கல். எங்களுடையது பளபளவென்று பாலிஷ் போட்ட வெள்ளை மார்பிள். சில மாதங்களிலேயே நாற்காலிகளைச் சுற்றி மங்கலான புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. கறை என்று நினைத்து எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சீலர் (கல்லுக்குள் எதுவும் ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடித்த தரைதானே, எப்படி என்று குழம்பினோம். உண்மையில் அது கறையே இல்லை. மார்பிள், சுண்ணாம்புக்கல், டிராவர்டைன் எல்லாம் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறோ வினிகரோ சிந்தினால் கல்லின் மேற்பரப்பே கொஞ்சம் கரைந்துவிடும். எண்ணெயும் சாயமும் உள்ளே இறங்காமல் சீலர் தடுக்கும், இந்த அரிப்பைத் தடுக்காது. கடைசியில் தரையை மறுபடி தேய்த்து, பளபளப்பில்லாத மேட் ஆக்கினோம். புளிப்பு இப்போதும் சிந்தத்தான் செய்கிறது, ஆனால் மேட் தரையில் அந்தத் தடம் கண்ணை உறுத்துவதில்லை.

இன்று தேர்ந்தெடுப்பதானால் சாப்பாட்டு அறைக்கு கிரானைட்தான் என் முதல் தேர்வு. சமையலறைப் புளிப்பு எதுவும் அதை ஒன்றும் செய்யாது. எண் கூடக் கூடக் கடினம் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் மார்பிளில் உள்ள கால்சைட் என்ற கனிமம் 3, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால் காலோடு வரும் மணலே மார்பிளைக் கீறிவிடும். நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் (மெத்தென்ற துணித் துண்டு) ஒட்டினாலும் அதில் சிக்கிய மணலை அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும்.

மார்பிள்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் மேட் ஃபினிஷில், ரேகை அதிகமுள்ளதாக வாங்குங்கள். எந்தக் கல்லானாலும் நீங்கள் வாங்கப்போகும் அதே லாட்டிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, தண்ணீர், எண்ணெய், எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.

பதிக்கும் முன் எல்லாக் கற்களையும் கலவை இல்லாமல் தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அழகான ரேகை உள்ள கல் வாசலில் நின்றதும் கண்ணில் படும் இடத்துக்கு வரட்டும், சுமாரானது மேஜைக்கு அடியில் போகட்டும். வெளிர் நிறக் கல்லுக்கு வெள்ளை சிமென்ட் கேளுங்கள், சாம்பல் நிறம் மேலே ஊறித் தெரியக்கூடும். சுவரோரம் சிறு இடைவெளி விட்டால், சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

தரை மட்டத்தையும் முன்பே கணக்கிடுங்கள். 20 மி.மீ. கல்லும் அதன் அடியில் 30, 40 மி.மீ. கலவையும் சேர்ந்தால் பக்கத்து அறையைவிடத் தரை உயர்ந்துவிடலாம். சூடான பாத்திரத்தோடு வருபவர் தடுக்கி விழ ஒரு சின்ன விளிம்பு போதும். மாடியில் போடுவதென்றால் பொறியாளரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். 20 மி.மீ. தடிமனில் கிரானைட் மட்டுமே சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் வரும்.

யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம், சத்தம். நான்கு சுவருக்குள் கல் தரை என்றால் கரண்டி விழுவதும் நாற்காலி இழுபடுவதும் எதிரொலிக்கும். கனமான திரையும் துணி மெத்தை வைத்த நாற்காலிகளும் போட்ட பிறகுதான் எங்களால் இயல்பாகப் பேசிக்கொண்டே சாப்பிட முடிந்தது.

துடைக்க அமிலம் இல்லாத மென்மையான சோப்புத் தண்ணீர் போதும். கழிவறை கழுவும் ஆசிட்டை மார்பிள் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.