டே டிரேடிங்கில் நேரம் பார்க்கவும் ரிஸ்க்கைக் கட்டுப்படுத்தவும் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள்?

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது, டே டிரேடிங்கில் (பங்கை வாங்கிய அன்றே விற்றுவிடும் வியாபாரத்தில்) எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரிஸ்க் பற்றிய கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். நானும் அந்த வரிசையில்தான் ஆரம்பித்தேன். அதனால் முதலில் ரிஸ்க் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். முந்தைய நாள் கருத்துக்கணிப்பு உற்சாகத்தில் நிஃப்டி (50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டெண்) 23,263-இல் முடிந்திருந்தது. காலையில் ஒரு பொதுத்துறை வங்கிப் பங்கு கொஞ்சம் இறங்கியதும், இதுதான் சமயம் என்று மார்ஜினில் (கையிலுள்ள பணத்தை விட அதிகமாக வாங்க புரோக்கர் தரும் வசதியில்) ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். என் சொந்தப் பணம் 80,000. ஸ்டாப் லாஸ், அதாவது விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் தானாக விற்கும் ஆர்டர், போட்டிருந்தேன். விலை அதை நெருங்கியபோது ஆர்டரை ரத்து செய்துவிட்டு, ஆவரேஜ் செய்கிறேன் (வாங்கிய சராசரி விலையைக் குறைக்கிறேன்) என்று இன்னொரு ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினேன். அன்று நிஃப்டி 6 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. பொதுத்துறைப் பங்குகள் பல 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. நான் வெளியே வந்தபோது 28,000 ரூபாய் போயிருந்தது. மீதமிருந்த 52,000-ஐ மறுபடி 80,000 ஆக்க 54 சதவீதம் லாபம் வேண்டும்.

ஜூன் 7-ஆம் தேதி நிஃப்டி 23,290-க்கு வந்துவிட்டது. ஆனால் இன்ட்ராடே (டே டிரேடிங்கின் இன்னொரு பெயர்) மார்ஜினில் வாங்கியவனுக்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது. மூன்றரை மணிக்குள் கணக்கு முடிந்துவிடும். அன்று இரவு யோசித்தபோது புரிந்தது: சந்தை எந்தப் பக்கம் போகும் என்று தவறாக நினைப்பது எல்லோருக்கும் நடக்கும், நான் வாங்கிய அளவுதான் என்னைச் சாய்த்தது.

அதற்குப் பிறகு கணக்கைத் தலைகீழாகப் போட ஆரம்பித்தேன். உங்கள் 50,000-க்கே பார்க்கலாம். ஒரு டிரேடில் ஒரு சதவீதம், அதாவது 500 ரூபாய்க்கு மேல் இழக்கக் கூடாது. பங்கு 400 ரூபாய், சார்ட்படி 395 உடைந்தால் என் கணிப்பு தப்பு என்றால், ஒரு பங்குக்கு 5 ரூபாய் ரிஸ்க். 500-ஐ 5-ஆல் வகுத்தால் 100 பங்கு. ஸ்டாப் 390-இல்தான் வைக்க முடியும் என்றால் 50 பங்கு, அவ்வளவுதான். புரோக்கர் ஐந்து மடங்கு மார்ஜின் தருகிறாரே என்று அளவைக் கூட்டக் கூடாது. வேகமாக விழும் நாளில் ஸ்டாப் லாஸ் நீங்கள் போட்ட விலையிலேயே நிறைவேறும் என்ற உத்தரவாதமும் இல்லை. அதனால் தேர்தல் முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்பு நாட்களில் நான் பாதி அளவுதான் எடுக்கிறேன், பல சமயம் எடுப்பதே இல்லை.

சரி, நேரம். மேலே உள்ள கணக்கைப் போடப் போட, நேரம் பார்ப்பதும் தானாகப் பிடிபட்டது. ஸ்டாப் மிகப் பக்கத்தில் வைக்க முடிகிற இடம்தான் நல்ல என்ட்ரி, அதாவது வாங்கும் இடம். விலை ஏற்கெனவே ஓடிவிட்டால் ஸ்டாப் தூரமாகிவிடும், விட்டுவிட வேண்டியதுதான். இப்படி விட்ட பங்கு மேலும் ஏறும்போது வயிறு எரியும், பழகிக்கொள்ளுங்கள். சந்தை திறக்கும் 9:15 முதல் 9:30 வரை நான் எதையும் வாங்குவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்தின் உச்சத்தையும் அடியையும் குறித்துக்கொண்டு, வால்யூமோடு (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை கூடி) விலை எந்தப் பக்கம் உடைகிறது என்று பார்ப்பேன். மதிய வேளையில் வால்யூம் வற்றிவிடும். அப்போது வரும் பிரேக் அவுட்டை (விலை அந்த எல்லையை உடைப்பதை) நம்பி நிறைய ஸ்டாப் அடிபட்டிருக்கிறேன்.

அப்புறம் செலவு. 40,000 ரூபாய்க்கு வாங்கி விற்றால் புரோக்கரேஜ், எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எனக்கு ஏறக்குறைய 40 ரூபாய் ஆகிறது. சின்னத் தொகைதான். தினமும் ஐந்து டிரேட், மாதம் இருபது நாள் என்றால் 4,000. உங்கள் முதலீட்டில் 8 சதவீதம், லாபமோ நட்டமோ, கட்டித்தான் ஆக வேண்டும். 2022-23-இல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் நட்டப்பட்டார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் ஆய்வு சொல்கிறது. வருடத்தில் 500 டிரேடுக்கு மேல் செய்தவர்களில் அது 80 சதவீதம்.

அதனால் தயவுசெய்து முதல் மூன்று மாதம் ஒரே ஒரு பெரிய நிறுவனப் பங்கு, நாளுக்கு ஒரே டிரேட், பத்துப் பங்குக்கு மேல் வேண்டாம். ஆப்ஷன் (பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். வாங்கும் முன்பே ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதுங்கள்: ஏன் வாங்குகிறேன், ஸ்டாப் எங்கே, எவ்வளவு போகலாம். விற்ற பிறகு, ஸ்டாப்பை நகர்த்தினேனா இல்லையா என்று நான்காவது வரி. என் நோட்டில் முதல் மாதம் 22 டிரேடில் 9 முறை நகர்த்தியிருந்தேன். அந்த எண் பூஜ்யத்துக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதுவரை பங்கின் அளவைக் கூட்டவில்லை.