தையல் வகுப்பில் 'நூலோட்டம்' என்கிறார்களே, அது என்ன? வெட்டும் முன் அதை ஏன் பார்க்க வேண்டும்?

நெய்த துணியில் நூல்கள் ஓடும் திசைதான் நூலோட்டம். துணியின் கெட்டியான கரைக்கு இணையாக நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். அகலவாக்கில் குறுக்கே போவது ஊடை நூல்.

தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அதனால் நீளவாக்கில் துணி அவ்வளவாக இழுபடாது. அகலவாக்கில் சற்றுக் கொடுக்கும். மூலைவாக்கில், அதாவது 45 பாகையில், நன்றாகவே இழுபடும். அந்தத் திசையில் எந்த நூலும் ஓடவில்லை என்பதே காரணம். நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்: குச்சி எதுவும் நீளாது, ஆனால் சதுரம் சாய்ந்து நீண்டுவிடும். துணிக்குள் நடப்பதும் அதுவே.

மாணவர்களுக்கு இதை வாயால் சொல்வதைவிட, ஆளுக்கொரு 15 செ.மீ. சதுரப் பருத்தித் துணியைக் கொடுத்து மூன்று திசையிலும் இழுக்கச் சொல்வது மேல். பிறகு, காகித வடிவத்தைத் துணியில் வைக்கும்போது அதில் நூலோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியின் இரு முனைகளிலிருந்தும் கரைவரை அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் குண்டூசி குத்தலாம். கண்ணளவை நம்பினால், துவைத்த பின் கால்சட்டையின் ஒரு கால் முறுக்கிக்கொள்ளும். பாவாடையின் கீழ்விளிம்பு ஒரு பக்கம் இறங்கும். கழுத்து வளைவுக்கு வைக்கும் கிராஸ் பட்டியை மட்டும் வேண்டுமென்றே மூலைவாக்கில் வெட்டுகிறோம். அது வளைவில் சுருக்கமில்லாமல் படிவது அந்த இழுவையால்தான்.

முறுக்கிக்கொண்ட உடுப்பைப் பார்த்ததும் தையல்தான் கோணல் என்று பிரித்துத் தைப்பவர்கள் உண்டு. பிழை வெட்டிலேயே இருப்பதால் எத்தனை முறை தைத்தாலும் அது நேராகாது.