எந்த ஆண்டு உல்லர்?

கேள்வி: நார்வே கடற்படைக்காக 1876-இல் கட்டிய 'உல்லர்' என்ற நீராவிப் பீரங்கிப் படகை 1:72 அளவில் (அசலின் 72-இல் ஒரு பங்கு) மாதிரியாகச் செய்ய ஆசை. பழைய வரைபடத்தில் முன்பக்கம் ராட்சதப் பீரங்கி இருக்கிறது. ஒரு புகைப்படத்தில் அது இல்லை. தளத்தில் தண்டவாளம் தெரிகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரிதான். ஒரே படகு, வேறு வேறு வயது. முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். பசை, பெயின்ட் எல்லாம் அப்புறம்.

ஹோர்ட்டன் கப்பல் தளத்தில் பிறந்தபோது உல்லர் 'ரெண்டல்' வகைப் படகு. பிரிட்டனின் ஆயுத நிறுவனமான ஆம்ஸ்ட்ராங்கின் ஜார்ஜ் ரெண்டல் 1867-இல் பிரிட்டனுக்குச் செய்துகொடுத்த 'ஸ்டாஞ்ச்' என்ற படகு இதற்கு முன்னோடி. யோசனை எளிது: கப்பலுக்குப் பீரங்கி பொருத்தாதே, பீரங்கிக்குக் கப்பல் கட்டு. சுமார் 250 டன் படகின் மூக்கில் ஏறத்தாழ 27 செ.மீ. குழல்விட்டம் கொண்ட ஒற்றைப் பீரங்கி. குறி பார்க்க வேண்டுமா? படகையே திருப்பு. உடல் தாழ்வாக இருப்பதால் எதிரிக்குச் சிறு இலக்குதான். நார்வேக் கரையோரப் பாறைத் தீவுகளுக்கு நடுவே பதுங்கிச் சுட இது வாகாக இருந்தது. அலை பொங்கும் ஆழ்கடலுக்கு ஆகாது. ஆகவே 1:72-இல் ஒன்றரை அடி நீளம்கூட எட்டாத ஒரு மாதிரியில் பீரங்கி மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அளவு தப்பிவிட்டதோ என்று பயப்படாதீர்கள், அசலே அப்படித்தான்.

பின்னாளில் அந்தப் பீரங்கியை இறக்கிவிட்டு, சிறியவற்றை வைத்து, கண்ணிவெடி விதைக்கும் கப்பலாக மாற்றினார்கள். நீங்கள் பார்த்த தண்டவாளம் கண்ணிவெடிகளைப் பின்பக்கம் உருட்டிக் கடலில் தள்ள. 1940 ஏப்ரலில் 64 வயதுக் கிழவி ஜெர்மானியர் கையில் சிக்கினாள். சோக்னெ ஃபியோர்டு (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்கழி) பகுதியில் நார்வேயின் கடல்விமானங்களே குண்டு போட்டு அவளை முடித்துவைத்தன. குலென் அருகே கிடக்கும் சிதைவை இன்றும் முக்குளிப்போர் படமெடுக்கிறார்கள். 1940 உருவத்துக்கு அந்தப் படங்களைவிட நல்ல துணை கிடைக்காது.

பலரும் கோட்டைவிடுவது கொடியில். 1876 என்றால் நார்வே இன்னும் ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ். கடற்படைக் கொடியின் மூலையில் இரு நாட்டு நிறங்களும் கலந்த சின்னம் இருக்க வேண்டும். 'ஹெர்ரிங் சாலட்' என்று கேலி செய்யப்பட்ட அந்தச் சின்னம் 1905-இல்தான் போர்க்கொடியிலிருந்து போனது. 1940 உல்லர் என்றால் ஜெர்மானியர் கையில் சிக்கும் முன்னா பின்னா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பின்னே என்றால் ஜெர்மன் கொடி.