கார்பாயில் மிதக்கும் வெள்ளைத் தீவுகள்: வீட்டு பியர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. நொதிக்கவைத்த முதல் பக்கெட்டிலிருந்து கார்பாய் என்ற குறுகிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடுவைக்கு பியரை மாற்றியாயிற்று. இப்போது தூக்கம் வரவில்லை. ‘கெட்டுப்போச்சா?’ என்பதுதான் எல்லோருடைய கவலையும். (காய்ச்சுவது என்றதும் ஊரில் வேறு நினைப்பு வரும். இங்கே எதையும் வடிப்பதில்லை, வெறும் பியர்தான்.)

ஒன்பதாம் நாள் கார்பாய்க்கு மாற்றினேன். மறுநாள் காலை மேலே தீவு தீவாக வெள்ளையாய் ஏதோ மிதக்கிறது. ஐந்து கேலனையும் சிங்க்கில் கொட்டிவிடட்டுமா? – டொரொன்டோ வாசகர்

கொட்டாதீர்கள். மறுநாளே வந்துவிட்டது என்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. மாற்றும்போது பியர் கலங்குகிறது, கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது, போகிற போக்கில் ஈஸ்டையும் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீரில் இட்லி மாவு சொட்டியதுபோல ஈரமாக, லேசான பழுப்பு வெள்ளையில் இருக்கும். கார்பாயை மெல்ல ஒரு சுற்று சுழற்றினால் உடைந்து அடியில் இறங்கும்.

உண்மையான தொற்று பெரும்பாலும் இவ்வளவு அவசரப்படாது. வாரக்கணக்கில் ஆகும். முதலில் ஆறிய பாலில் படிகிற ஆடைபோல மெல்லிய படலம். பிறகு அதில் சுருக்கம் விழும். சில சமயம் படலத்துக்கு அடியில் பெரிய குமிழிகள் உடையாமல் நிற்கும், மேல்தோல் சுண்ணாம்பு பூசியதுபோல உலர்ந்திருக்கும். கார்பாயைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வரும். இதற்குப் பெல்லிக்கிள் என்று பெயர். பாத்திரத்தின் மேல்பகுதியில் காற்று இருக்கும்போது, நாம் போடாமல் தானாக வந்து சேர்கிற காட்டு ஈஸ்ட்டுகளும் சில பாக்டீரியாக்களும் இதை உருவாக்குகின்றன. ஆடை வந்துவிட்டால் அதைக் கலைக்காமல் அடியிலிருந்து சைஃபனில் கொஞ்சம் எடுத்து ருசி பாருங்கள். நன்றாக இருந்தால் கெக் என்ற உலோகப் பீப்பாயில் ஊற்றிக் குளிரில் வைத்து சீக்கிரம் குடித்துவிடுங்கள். பாட்டிலில் அடைக்க வேண்டாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல் இருந்தால் அது பூஞ்சணம். அதற்கு ருசி பார்க்கிற வேலையே வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இரண்டாம் பாத்திரத்துக்கு மாற்றத்தான் வேண்டுமா? பியர் செய்யும் கிட்டோடு வந்த தாளில் அப்படித்தான் இருக்கிறது. – ஹாரோ, லண்டன்

வேண்டாம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தாள்கள் மாறுவதாக இல்லை. ‘இரண்டாம் நொதிப்பு’ என்ற பெயரே ஆளை ஏமாற்றுகிறது. நீங்கள் மாற்றும்போது நொதித்தல் ஏறக்குறைய முடிந்திருக்கும். அங்கே நடப்பது தெளிவதுதான். செத்த ஈஸ்ட் அடியில் கிடந்து பியரைக் கெடுக்கும் என்ற பயம் பெரிய ஆலைகளின் உயரமான தொட்டிகளுக்குப் பொருந்தும். அங்கே அடியில் அழுத்தமும் சூடும் அதிகம். நம் 19 அல்லது 23 லிட்டர் பக்கெட்டில் மூன்று நான்கு வாரம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. மாற்றினால் காற்று படும், ஹோஸில் ஒட்டியிருக்கிற கிருமியும் சேர்ந்து போகும்.

நிஜமான இரண்டாம் நொதிப்பு என்று ஒன்று உங்கள் ஊரில்தான் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பழைய ஸ்டாக் ஏல் (நெடுநாள் வைக்கும் வலுவான பியர்) வகைகள் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் கிடந்து மெல்ல நொதித்தன. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883-இல் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அந்தத் தூய ஈஸ்ட்டை மட்டும் வைத்து ஸ்டாக் ஏலின் பழைய மணத்தைக் கொண்டுவர முடியவில்லை. கார்ல்ஸ்பெர்க்கிலேயே வேலை செய்த கிளாசன் 1904-இல் காரணத்தைச் சொன்னார்: பீப்பாயில் இருந்த இன்னொரு ஈஸ்ட், ஒரு காட்டு ஈஸ்ட். அதற்கு பிரெட்டனோமைசஸ், அதாவது ‘பிரிட்டிஷ் பூஞ்சை’, என்று பெயரும் வைத்தார். இன்று நீங்கள் பயந்து நடுங்குகிற விருந்தாளியை அன்று அவர்கள் பாய் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்!

பழம், ஓக் சில்லு சேர்ப்பதானால், அல்லது பல மாதம் வைப்பதானால் மாற்றலாம். மற்றபடி விட்டுவிடுங்கள்.

ஸ்டார் சான் (கிருமி நீக்கும் அமிலக் கரைசல்) நுரை கார்பாய் நிறைய நிற்கிறது. கழுவிவிட்டுத்தானே ஊற்ற வேண்டும்? – சிட்னி

கழுவினால்தான் வம்பு, சுத்தம் செய்ததைக் குழாய்த் தண்ணீரால் மறுபடி கெடுப்பீர்கள். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., ஓரிரு நிமிடம் பட்டால் போதும். நுரையோடே பியரை ஊற்றலாம். ஆனால் அழுக்கு இருக்கிற இடத்தில் அது வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் ஸ்டார் சான்.

எனக்குத் தொடர்ந்து மூன்று முறை புளித்தது. ஹோஸை மாற்றினேன், பக்கெட்டை மாற்றினேன், ஈஸ்ட்டைத் திட்டினேன். ஒருநாள் பாட்டில் நிரப்பும் பக்கெட்டின் குழாயைப் பிடுங்கித் திருகிக் கழற்றினால், திருப்புகிற உருளைக்கும் உறைக்கும் நடுவே பழுப்பாய், தீய்ந்த கஞ்சிபோல ஒரு படிவு. மூன்று மாதப் பழசு. குழாயை வெந்நீரில் போட்டால் இரண்டு துண்டாகப் பிரியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.

பிளீச் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று: அதோடு வினிகரோ வேறு அமிலமோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத நீர் மூடியில்) ஒரு ஈ செத்துக் கிடக்கிறது. – பர்மிங்ஹாம்

ஏர்லாக்கை மட்டும் கழற்றிக் கழுவி, கொஞ்சம் வோட்கா ஊற்றி மாட்டுங்கள். பழ ஈ வினிகர் பாக்டீரியாவைச் சுமந்து வரும், உண்மைதான். ஆனால் அதற்குக் காற்று வேண்டும். காலையில் இனிக்கிற கள் சாயங்காலம் புளிப்பது திறந்த பானையில். உங்கள் ஈ உள்ளே விழவில்லை, வாசலிலேயே மூழ்கிவிட்டது.

டின் மாம்பழக் கூழ் சேர்க்கலாமா? – லா ஷாப்பெல், பாரிஸ்

தாராளமாக. டின்னில் இருப்பது சூடாக்கி அடைத்தது, அதனால் சுத்தம். மூடியின் மேல்புறத்தையும் டின் ஓப்பனரையும் ஸ்டார் சானில் துடைத்துக்கொள்ளுங்கள். புதுப் பழம் என்றால் ஃபிரீஸரில் வைத்தாலே கிருமி சாகும் என்று நம்பாதீர்கள். அது தூங்கும், அவ்வளவுதான். கூழில் சர்க்கரை இருப்பதால் மறுபடி பொங்கும், மேலே இடம் விடுங்கள். இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், புளிப்பும் மணமும்தான் மிஞ்சும். பாயசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

புளித்த பியரைக் குடித்தால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா? – டொரொன்டோ

நொதித்து முடிந்த பியரில் ஆல்கஹால், ஹாப்ஸ் (கசப்பு தரும் பூ), 4 சொச்சம் பி.ஹெச். (புளிப்பு) மூன்றும் இருப்பதால் நோய்க் கிருமிகள் பிழைப்பதில்லை. முகம்தான் சுளிக்கும். ஈஸ்ட் போடாத வோர்ட்டை (நொதிக்காத மால்ட் சாற்றை) மட்டும் மூடி வெளியே நாள்கணக்கில் வைக்காதீர்கள். அதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சென்னையில் தொடங்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டின் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். பிரிட்டனில் சொந்தத் தேவைக்கான உரிமத்தை 1963-இல் எடுத்துவிட்டார்கள். அங்கேயும் விற்கக் கூடாது.

பாட்டிலைத் திறந்தால் கூரை வரை பீய்ச்சுகிறது. – குராய்டன்

எல்லா பாட்டிலுமா, இரண்டொன்றா? இரண்டொன்று என்றால் அந்தப் பாட்டில்கள் அழுக்கு. ஆரம்பத்திலிருந்தே எல்லாமும் என்றால் சர்க்கரை கூடிவிட்டது, அல்லது ஹைட்ரோமீட்டர் (பியரில் மிஞ்சிய சர்க்கரையைக் காட்டும் கருவி) அளவு இரண்டு மூன்று நாள் அசையாமல் நிற்கும் முன்பே அடைத்துவிட்டீர்கள். வாரம் போகப் போகக் கூடிக்கொண்டே, ருசியும் தண்ணீராகிக்கொண்டே வந்தால் காட்டு ஈஸ்ட்தான். சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரை வகையான டெக்ஸ்ட்ரினையும் அது தின்கிறது.

எதுவானாலும் இந்தப் பதிலைப் படித்ததும் முதல் வேலையாகக் குழந்தைகளை அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். கண்ணாடி வெடிக்கும். கையுறை, கண்ணுக்கு மறைப்பு போட்டுக்கொண்டு, தடித்த துண்டில் சுற்றி ஒவ்வொன்றாக ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மறுநாள் நன்றாகக் குளிர்ந்த பிறகு தோட்டத்தில் வைத்து மூடியைத் திறங்கள்.